பற்கூழில் கால்சியக் கல் இருந்தால் இதய நோய் இருக்கிறது என்று பொருளா?

இல்லை. எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லின் நடுவே, நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் கூழறைக்குள், வெண்மையான சிறு உருண்டையாகத் தெரியும் இந்தக் கல்லை மட்டும் வைத்து இதய நோய் உண்டென்றோ இல்லையென்றோ எவரும் முடிவு செய்ய முடியாது.

இருப்பினும் இந்தக் கேள்வி ஆதாரமற்றதன்று. பற்கூழிலும் தமனிச் சுவரிலும் படிவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டே. நாட்பட்ட அழற்சியும் திசுச் சிதைவும் இரண்டிடத்திலும் அதற்கு வழிவகுக்கக்கூடும். 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், இதய, இரத்தக் குழாய் நோய் உள்ளவர்களில் 74 சதவீதத்தினருக்கும், அந்நோய் இல்லாதவர்களில் 39 சதவீதத்தினருக்கும் கூழ்க்கற்கள் காணப்பட்டன. ஆனால் ஆய்வுக்கு உட்பட்டோர் 55 பேர் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வயதுதான். வயது கூடக் கூடக் கூழறை சுருங்கி, கற்களும் மிகுகின்றன; தமனிகள் இறுகுவதும் அப்போதுதான். ஆகவே இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மேலும் ஆழமான சொத்தை, பல்லில் முன்பு வைத்த அடைப்பு, அடிபட்ட பல் ஆகியவையும் கல்லை உண்டாக்கும்; இதயத்தில் எக்குறையும் இல்லாத இளைஞர்களிடமும் அது காணப்படுகிறது.

வலியில்லாத கல்லுக்குச் சிகிச்சை தேவையில்லை; வேர் சிகிச்சை செய்ய நேர்ந்தால் மட்டும் அது மருத்துவரின் கருவிக்குத் தடையாகலாம். இதயத்தைப் பற்றிக் கவலை இருப்பின், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; புகைப்பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.