வாசகர் கேள்வி – பதில்: காப்பு வரியும் இடம் மாறிய இருவரும்

கேள்வி: பிரிட்டனின் வணிகக் கட்டுப்பாடுகளை எதிர்த்து விடுதலை பெற்ற அமெரிக்கா, தன் முதல் சட்டங்களிலேயே இறக்குமதி வரியைச் சேர்த்துக்கொண்டது ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: கஜானா காலியாக இருந்ததுதான் முதற்காரணம். 1787இல் புதிய அரசியலமைப்பு எழுதப்படும் வரை ஒன்றிய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. போர்க் கடனை அடைக்க மாநிலங்கள் மனமிரங்கித் தருவதையே அது நம்பியிருந்தது. எனவே 1789 ஏப்ரலில், வாஷிங்டன் பதவியேற்பதற்கு முன்பே, ஜேம்ஸ் மாடிசன் பிரதிநிதிகள் அவையில் இறக்குமதி வரிப் பேச்சைத் தொடங்கிவிட்டார். அவர் தேடியது வருவாய். பென்சில்வேனியா உறுப்பினர்களோ தங்கள் ஊர்ப் பட்டறைகளுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்றார்கள். ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின் முகவுரையில் அரசின் செலவு, கடன் அடைப்பு, உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கம் ஆகிய மூன்றும் நோக்கங்களாக எழுதப்பட்டன. ஆனால் பெரும்பாலான பொருள்களுக்கு வரி 5 விழுக்காடு மட்டுமே.

துறைமுகத்தில் வரி வசூலிப்பது எளிது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1791இல் உள்நாட்டு விஸ்கி மீது போட்ட வரி, மூன்றே ஆண்டுகளில் மேற்குப் பென்சில்வேனியாவில் கலகமாக வெடித்தது. அதே 1791இன் டிசம்பரில் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தொழில் உற்பத்தி குறித்து அளித்த அறிக்கையைக் காப்பு வரியின், அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடும் இறக்குமதி வரியின், வேதம் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அவர் அதில் உயர்த்திப் பேசியது நேரடி மானியத்தை. மானியத்துக்குப் பணம் ஒதுக்க மனமில்லாத காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), அவர் கேட்ட வரி மாற்றங்களை மட்டும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது.

கேள்வி: 1816ஆம் ஆண்டு வரிச் சட்டம் இந்தியத் துணிகளைக் குறிவைத்தது என்பது உண்மையா? (ஈரோடு வாசகர்)

பதில்: உண்மைதான், ஆனால் சட்டத்தை மேலோட்டமாகப் படித்தால் அது கண்ணில் படாது. 1807இன் வணிகத் தடையும் 1812இல் பிரிட்டனுடன் தொடங்கிய போரும் வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்துவிட்டதால், புதிய நூற்பு ஆலைகளும் நெசவு ஆலைகளும் முளைத்தன. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் சரக்கு வந்து குவிந்தது. பாஸ்டனை அடுத்த வால்தமில் முரட்டுப் பருத்தித் துணி நெய்த பிரான்சிஸ் கேபட் லோவெல் வாஷிங்டனுக்கே சென்று காங்கிரஸ் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார்.

பருத்தித் துணிக்கு வரி 25 விழுக்காடு என்றது சட்டம். அதோடு, சதுர கஜம் 25 சென்டுக்குக் குறைவாக வாங்கப்பட்ட துணியையும் 25 சென்டு மதிப்புடையதாகக் கொண்டே வரி போட வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்தது. கணக்கைப் பாருங்கள்: 10 சென்டுத் துணிக்கும் ஆறேகால் சென்டு வரி, அதாவது 62.5 விழுக்காடு. துணி எவ்வளவு மலிவோ, சுமை அவ்வளவு கூடும். கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மலிவுத் துணிக்கு இது ஏறக்குறைய கதவடைப்பு. உயர்ரகத் துணி செய்த பிரிட்டிஷ் ஆலைகளுக்கு இதே சட்டத்தால் அவ்வளவு நட்டமில்லை.

கேள்வி: அந்த 1816 சட்டத்தை ஆதரித்த தென் கரோலினா அரசியல்வாதி ஜான் கால்ஹூன், பின்னர் வரியை எதிர்த்து ஒன்றியத்தையே உடைக்கத் துணிந்தது எப்படி? (கோவை வாசகர்)

பதில்: தனித்து நின்று மாறியவர் அல்லர் அவர். கப்பல் வணிகர்களின் குரலாக 1824இல், காப்பு வரியை முன்னின்று ஆதரித்த ஹென்றி கிளேயின் வரித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த மாசசூசெட்ஸ் அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர், 1828இல் அதைவிட உயர்ந்த வரிக்கு ஆதரவாக வாக்களித்தார். இடையில் மாசசூசெட்ஸின் முதலீடு கப்பலிலிருந்து ஆலைக்குப் போயிருந்தது. கால்ஹூனின் தென் கரோலினாவிலோ பருத்தி விலை சரிந்திருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் பருத்தியை விற்றுப் பிரிட்டிஷ் சரக்கை வாங்கிய தோட்ட முதலாளிகளுக்கு, வடக்கின் ஆலைகளுக்காகத் தாங்கள் கப்பம் கட்டுவதாகத் தோன்றியது. நூறு பொதிப் பருத்தியில் நாற்பது பொதி வரியாகவே போகிறது என்றார் தென் கரோலினா உறுப்பினர் ஜார்ஜ் மக்டஃபி. பொருளியல் கணக்காக அது நிற்காது. மேடையில் நன்றாகவே நின்றது. அலபாமா, மிசிசிப்பி நிலங்களில் புதிதாக விளைந்த பருத்தியும் விலையை இறக்கியதை மேடையில் யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

1828 சட்டத்தின் பிறப்பே விசித்திரமானது. வடகிழக்கு உறுப்பினர்களே வெறுத்துத் தோற்கடிப்பார்கள் என்ற நம்பிக்கையில், அவர்களது ஆலைகளுக்கு வேண்டிய கம்பளி முதலிய மூலப்பொருள்களின் மீதான உயர் வரியைக் குறைக்கவிடாமல் தெற்கத்தியர் காத்தார்கள். மசோதா நிறைவேறிவிட்டது. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த கால்ஹூன், பெயர் போடாமல் ஓர் ஆவணம் எழுதி, அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் செல்லாததாக்கலாம் என வாதிட்டார். 1830இல் ஒரு கடிதத்தில், வரி வெறும் சந்தர்ப்பமே, உண்மைக் காரணம் அன்று என்று அவரே எழுதினார். அடிமை முறையில் ஒன்றிய அரசு நாளை கை வைக்குமோ என்ற அச்சம் பின்னால் இருந்தது.

1832 நவம்பரில் தென் கரோலினா மாநாடு 1828, 1832 வரிச் சட்டங்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதைத் துரோகம் என்றார். 1833 மார்ச் 2 அன்று இரண்டு சட்டங்களில் ஒரே நாளில் அவர் கையெழுத்திட்டார்: ஒன்று, வசூலுக்குப் படையைப் பயன்படுத்த அனுமதிப்பது; மற்றொன்று, 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வரிகளை 1842க்குள் அந்த அளவுக்குப் படிப்படியாக இறக்குவது. பின்னதைக் கிளேயும் கால்ஹூனும் சேர்ந்தே நிறைவேற்றினார்கள். தென் கரோலினா தன் வரி ரத்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பெற்ற கையோடு படைச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டுத்தான் மாநாட்டைக் கலைத்தது.