லிங்க் போட்டதுக்கா காப்பிரைட் பிரச்சனை?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்துல சின்னதா மாங்கூழ் கம்பெனி வச்சிருக்கோம் சார். அண்ணன் பொண்ணு வெப்சைட் பண்ணிக் கொடுத்துச்சு, பெங்களூரா ரக மாங்கூழை வச்சு என்னென்ன செய்யலாம்னு வெளிநாட்டுக்காரங்க போட்ட ரெசிபி, போட்டோ, நியூஸ் எல்லாத்துக்கும் அதுல லிங்க் இருக்கு. இப்ப எங்ககிட்ட கூழ் வாங்குற நெதர்லாந்து பையர், அந்தப் பக்கத்தை எடுங்க காப்பிரைட் பிரச்சனை வரும்னு மெயில் போடுறார். வெறும் லிங்க்தான சார், அதுவுமா தப்பு?

பதில்: உங்க பையர் சும்மா பயமுறுத்தலை, ஆனா பாதிதான் சொல்லியிருக்கார். வெறும் லிங்க் போட்டா தப்பில்லன்னு ஐரோப்பிய யூனியன் நீதிமன்றமே 2014 பிப்ரவரில சொல்லிடுச்சு. சுவீடன்ல பத்திரிகைக்காரங்க சிலர், எங்க கட்டுரைக்கு லிங்க் கொடுத்து ஒரு கம்பெனி தொழில் பண்ணுதுன்னு போட்ட வழக்கு அது, ஸ்வென்சன் வழக்குன்னு பேரு. எல்லாரும் பாக்கட்டும்னு எழுதினவங்க சம்மதத்தோட திறந்து வச்சதுக்கு வழி காட்டுனா அனுமதி வேண்டாம்னுட்டாங்க. நம்மூர் கணக்குல சொன்னா கேட்டு திறந்து கிடக்கிற தோப்புக்கு வழி சொல்லலாம், வேலில எங்க ஓட்டை இருக்குன்னு காட்டிக் கொடுத்தாதான் வம்பு.

அப்புறம் 2016 செப்டம்பர்ல வந்துச்சு பாருங்க ஒண்ணு. கீன்ஸ்டைல்னு ஒரு நெதர்லாந்து சைட் (உங்க பையர் ஏன் உஷாரா இருக்கார்னு புரியுதா), ப்ளேபாய்க்கு எடுத்த போட்டோ பத்திரிகைல வர்றதுக்கு முன்னாடியே லீக் ஆகி எங்கயோ கிடந்ததுக்கு லிங்க் போட்டுச்சு, எடுன்னு சொல்லியும் எடுக்கல, அங்க தூக்கினா வேற இடத்துல கிடந்ததுக்கு மறுபடி லிங்க். கோர்ட் கடுப்பாகி, லாபத்துக்காக லிங்க் போடுறவன் அந்தப் பக்கம் இருக்கிறது முறையா போட்டதான்னு விசாரிச்சுட்டுதான் போட்டிருப்பான்னு எடுத்துப்போம், எனக்குத் தெரியாதுன்னா அதை நீயே நிரூபின்னுடுச்சு. பொழுதுபோக்குக்கு லிங்க் போடுறவருக்கு இந்தச் சுமை கிடையாது, கடை வச்சிருக்கிறவருக்குதான். லிங்க்ல நான் காசு பாக்கலையேன்னும் தப்பிக்க முடியாது. அதே வருஷம் ஜெர்மனி ஹாம்பர்க்ல ஒருத்தர் தன்னோட பாடப் புத்தகங்களை விக்கிற சைட்ல, ஒரு கட்டடத்துக்கு மேல பறக்கும் தட்டு ஒட்டுன படத்துக்கு லிங்க் போட்டிருந்தார், அந்தப் படம் உரிம நிபந்தனை மீறி போட்டது, அவரோட சைட்டே வியாபாரத்துக்குதானேன்னு அவரைப் பிடிச்சுட்டாங்க. இது எனக்கு கொஞ்சம் ஓவராதான் படுது, சிறு வியாபாரி ஒவ்வொரு லிங்க்குக்கும் பின்னாடி ஓடி விசாரிக்க முடியுமா?

ஆனா உங்க விஷயத்துல லிங்க் பெரிய ஆபத்தே இல்ல. நீங்க அனுப்பின பக்கத்தைத் திறந்து லஸ்ஸி கிளாஸ் போட்டோ மேல ரைட் கிளிக் பண்ணி முகவரி பாத்தேன், உங்க சைட் பேர்லயே வருது. அதாவது பாப்பா அதை டவுன்லோட் பண்ணி உங்க சர்வர்லயே ஏத்தி வச்சிருக்கு. இப்படி மூணு போட்டோ இருக்கு. ஜெர்மனில ஒரு ஸ்கூல் பிள்ளை கோர்டோபா ஊர் போட்டோவ நெட்ல எடுத்து ப்ராஜெக்ட்ல ஒட்டி, ஸ்கூல் அதைத் தன் சைட்ல ஏத்தினதுக்கு, இது லிங்க் இல்ல மறுபதிப்பு, போட்டோக்காரர் அனுமதி வேணும்னு 2018-ல தீர்ப்பு. கீழ பேரும் லிங்க்கும் போட்டுட்டா சரின்னு நினைக்காதீங்க, அந்தப் பிள்ளையும் எங்க எடுத்துச்சுன்னு எழுதித்தான் வச்சிருந்துச்சு.

இன்னொண்ணு, கடைசில ஒரு நியூஸோட முதல் பாராவ அப்படியே ஒட்டி கீழ லிங்க் கொடுத்திருக்கீங்க. ஐரோப்பிய யூனியனோட 2019 சட்டப்படி செய்திக்கு லிங்க் கொடுக்கலாம், ஒண்ணு ரெண்டு வார்த்தை எடுக்கலாம், முழு பாரான்னா வம்பு. தலைப்ப உங்க சொந்த வார்த்தைல எழுதிட்டு லிங்க்கை மட்டும் விடுங்க.

அதனால பக்கத்தையே எடுக்க வேண்டாம். மூணு போட்டோவ இன்னைக்கே தூக்கிட்டு, உங்க கூழ்லயே லஸ்ஸி அடிச்சு போன்ல நீங்களே எடுத்துப் போடுங்க. சினிமா, திருட்டு புக் மாதிரி ஏதாவதுக்கு லிங்க் இருந்தா கண்ணை மூடிட்டு அழிங்க. யாராவது எடுன்னு மெயில் போட்டா தள்ளிப் போடாதீங்க, கீன்ஸ்டைல் மாட்டுனதே அதுலதான்.

கேள்வி: பாலக்கோட்டுல உக்காந்து நடத்துற சைட்டுக்கு ஐரோப்பா சட்டம் எப்படிங்க?

பதில்: அங்க இருக்கிறவங்களுக்கு விக்க சைட் வச்சா, அங்க நடக்கிற மீறலுக்கு அந்த நாட்டு சட்டம்தாங்க. இங்கயும் சும்மா விடாது, நாடுகளுக்கு நடுவுல காப்பிரைட்டுக்காகப் போட்ட பெர்ன் ஒப்பந்தத்துல நம்ம நாடும் இருக்கு, அவங்க போட்டோவுக்கு நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துலயே பாதுகாப்பு உண்டு.