ஒரே மாநிலத்துத் தேரைக்கு வாஷிங்டனில் என்ன வேலை?

அமெரிக்காவின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம் (1973) பற்றி வந்த கேள்விகளில் பல, அது நல்ல சட்டமா என்று கேட்பவை. அதை இன்னொரு நாள் பார்க்கலாம். இப்படி ஒரு சட்டம் போட மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வனவிலங்கு பற்றி அமெரிக்க அரசியல் சாசனம் என்ன சொல்கிறது?

ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, என்னென்ன அதிகாரம் என்று சாசனம் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இல்லாதவை மாநிலங்களுக்கு. அதனால் வேட்டை, மீன்பிடி எல்லாம் நெடுங்காலம் மாநில விவகாரமாகவே இருந்தன. காட்டு விலங்குகள் அந்தந்த மாநில மக்களின் பொதுச்சொத்து என்று 1896இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஓக்லஹோமாவில் பிடித்த பொடிமீன்களை வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்கக் கூடாது என்ற தடை பற்றிய வழக்கில், 1979இல், அந்தக் கொள்கையை அதே நீதிமன்றம் கைவிட்டது. ஆனாலும், தன் அதிகாரம் சாசனத்தின் எந்த வரியிலிருந்து வருகிறது என்று மத்திய அரசு ஒவ்வொரு முறையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஓர் ஈக்காக ஆஸ்பத்திரி கட்டுவதையே தடுத்தார்களாமே?

தடுக்கவில்லை, தள்ளிவைத்தார்கள். அதுவும் 250 அடி. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ வட்டாரத்தில் ஒருவகை மணல்மேடுகளில் மட்டும் வாழும் ஈ அது. வளர்ந்த ஈ கோடைக் கடைசியில் சில வாரங்கள்தான் வெளியே பறக்கும். மீதிக் காலமெல்லாம் புழுவாக மண்ணுக்குள். 1993இல் அது பாதுகாப்புப் பட்டியலில் ஏறியதும் ஆஸ்பத்திரியின் வரைபடம் மாறியது. அப்புறம் ஆம்புலன்ஸ் வந்துபோக வசதியாகச் சாலைச் சந்திப்பை மாற்றப் போனபோது மறுபடி சிக்கல். விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

மத்திய அரசு பிடித்துக்கொண்டது சாசனத்தின் வணிகப் பிரிவை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அது. ஆனால் 1995இல்தான் உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டிருந்தது: பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்திய சட்டம் செல்லாது, அது பொருளாதார நடவடிக்கையே அல்ல என்று. அப்படியானால் யாரும் வாங்காத, விற்காத, மாநில எல்லையைத் தாண்டாத ஈ எப்படி வணிகமாகும்?

1997இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அரசுப் பக்கம் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த இருவருக்கும் காரணம் ஒத்துப்போகவில்லை. ஒருவர், உயிரினப் பன்மை நாளைய மருந்துக்கும் தொழிலுக்கும் மூலதனம் என்றார். மற்றவர் அதை ஏற்கவில்லை. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதையும், சட்டம் இங்கே கட்டுப்படுத்துவது ஒரு கட்டுமானத்தை என்பதையும் பார்த்தார். எனக்கு இரண்டாவதுதான் உறுதியாகப் படுகிறது. ஈயை விட்டுவிட்டு புல்டோசரைப் பாருங்கள்: ஆஸ்பத்திரி, ரோடு, சிமெண்ட், கடன், கூலி. வணிகம் இல்லாமல் வேறென்ன?

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு தேரையைக் கிண்டல் செய்தாராமே? அவர் தலைமையில் இந்தச் சட்டம் தாங்குமா?

அது 2003இல், அவர் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்தபோது எழுதியது. ஏதோ தன் சொந்தக் காரணங்களுக்காக வாழ்நாள் முழுக்கக் கலிஃபோர்னியாவிலேயே இருந்துவிடும் பாவப்பட்ட தேரை என்று ஒரு வரி. அதை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் பேசுகிறார்கள். சட்டம் செல்லாது என்று அவர் சொல்லவில்லை. தேரையைக் காக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பில் சொன்ன காரணம் போதாது, வழக்கை முழு அமர்வு மறுபடி கேட்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு 2005இல், வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வளர்த்த கஞ்சாகூட வணிகப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய பொருளாதாரச் சட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தால் போதும். கீழ் நீதிமன்றங்கள் இப்போது பெரிதும் சாய்ந்து நிற்பது இதில்தான்.

யூட்டா மாநிலத்தில் மட்டும் வாழும் பிரெய்ரி டாக் வழக்கைப் பாருங்கள். பெயரைப் பார்த்து நாய் என்று நினைக்க வேண்டாம், அணில் குடும்பத்தது. சீடர் சிட்டி ஊரில் கல்லறைத் தோட்டம் வரை வளை தோண்டிவைத்தது. தனியார் நிலத்தில் அதைக் காக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று 2014இல் மாவட்ட நீதிமன்றம் சொல்ல, 2017இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பாதுகாப்புப் பட்டியலில் ஏறத்தாழ 68 சதவீத இனங்கள் ஒரே மாநிலத்தில் வாழ்பவை. அவற்றை எடுத்துவிட்டால் சட்டத்தில் என்ன மிஞ்சும் என்பது நீதிமன்றத்தின் கவலை. 2018இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. மறுத்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வணிகப் பிரிவு பற்றிய இந்தக் கேள்விக்கு அது இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவே இல்லை.

பறவைகளுக்கு மட்டும் தனி வழி என்கிறார்களே?

ஆமாம், ஒப்பந்த வழி. 1913இல் காங்கிரஸ் போட்ட வலசைப் பறவைச் சட்டம் சாசனத்துக்கு முரண் என்று இரண்டு மாவட்ட நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. உடனே அரசு 1916இல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டது. அதை நிறைவேற்ற 1918இல் புதுச் சட்டம். மிசூரி மாநிலம் எதிர்த்துப் போய் 1920இல் தோற்றது. முன்வாசல் பூட்டியிருந்தால் பக்கவாசல் என்ற கதைதான்.

மத்திய அரசின் சொந்த நிலத்தில்?

அங்கே பேச்சே இல்லை. 1974இல் நியூ மெக்சிகோ அதிகாரிகள் மத்திய நிலத்திலிருந்து 19 காட்டுக் கழுதைகளைப் பிடித்து ஏலம் விட்டார்கள். 1976இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மத்திய அரசுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மாநில அதிகாரிகளை வேலை வாங்க முடியுமா?

முடியாது. என் கணக்கில் தெளிவான எல்லைக்கோடு இதுதான். மத்தியச் சட்டத்தை அமல்படுத்து என்று மாநிலத்துக்கு ஆணையிடக் கூடாது என 1992, 1997 தீர்ப்புகள் சொல்கின்றன. ஆனால் மாநிலமே தீங்குக்கு வழிவிட்டால் கதை வேறு. மாசசூசெட்ஸ் உரிமம் கொடுத்த வலைகளிலும் சிங்கி இறால் கூண்டுக் கயிறுகளிலும் அரிய ரைட் திமிங்கலங்கள் சிக்கின. அந்த உரிமம் கொடுப்பதே சட்டமீறலாகலாம் என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கரடி என் ஆடுகளைத் தின்றால் மத்திய அரசு இழப்பீடு தருமா?

சாசனப்படி தர வேண்டியதில்லை. மொன்டானாவில் ஆட்டு மந்தையைத் தாக்க வந்த கிரிஸ்லி கரடியைச் சுட்டவருக்கு அபராதம் விழுந்தது. என் சொத்தை அரசு பறித்ததற்குச் சமம் இது என்று அவர் வாதாடினார். காட்டுக் கரடி அரசின் கையாள் அல்ல, அது தின்றதற்கு அரசு பொறுப்பாகாது என்று 1988இல் தீர்ப்பு வந்தது. தன் உயிருக்கோ குடும்பத்தார் உயிருக்கோ ஆபத்து என்று உண்மையாக நம்பிச் சுட்டால் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆட்டுக்கு அந்த விலக்கு இல்லை.