இரண்டு நெடுவரிசைகளால் குரூப் செய்தால் சதவீதம் ஏன் எகிறுகிறது?

ஆர் (R) நிரல்மொழியில் சிலிண்டர், கியர் என இரண்டு நெடுவரிசைகளையும் வைத்து குரூப் செய்தால் எண்ணிக்கை சரியாக வருகிறது, சதவீதம் மட்டும் எகிறுகிறது என்கிறீர்கள். கணக்கில் தப்பில்லை. டேட்டாவைக் கையாளும் டிபிளையர் (dplyr) பேக்கேஜில், குரூப்வாரியாகச் சுருக்கித் தரும் சம்மரைஸ் (summarise) வழக்கமாகக் கடைசி குரூப்பை மட்டும்தான் அவிழ்க்கும். சிலிண்டர் குரூப் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு, ஆருடனே வரும் எம்டிகார்ஸ் (mtcars) அட்டவணையில் மொத்தம் 32 கார்கள். 8 சிலிண்டர், 3 கியர் உள்ளவை 12. மொத்தத்தில் அது 37.5 சதவீதம். உங்களுக்கு வருவதோ 85.7, ஏனென்றால் அந்த 12, 8 சிலிண்டர் கார்களின் எண்ணிக்கையான 14-ஆல் மட்டுமே வகுபடுகிறது. சில நேரம் நமக்கு வேண்டியதே அதுதான். அப்போது தொடாமல் விடலாம். மொத்தத்தில் பங்கு வேண்டுமென்றால், சதவீதம் போடும் முன், மிச்ச குரூப்பையும் அவிழ்க்கும் அன்குரூப் (ungroup) கொடுங்கள். டிபிளையர் 1.1.0 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், குரூப் செய்யும் குரூப்_பை-யையே (group_by) விட்டுவிட்டு சம்மரைஸுக்குள் .பை (.by) கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பின்னால் எந்த குரூப்பும் தொங்காது.

அப்புறம், 9 சிலிண்டர்-கியர் ஜோடிகளுக்குப் பதில் 8 வரிகள்தான் வரும். 8 சிலிண்டரில் 4 கியர் கார் ஒன்றுகூட இல்லை. அங்கே பூஜ்யம் தெரிய வேண்டுமானால், அன்குரூப் ஆனபின் டைடிஆர் (tidyr) பேக்கேஜில் விடுபட்ட ஜோடிகளைச் சேர்க்கும் கம்ப்ளீட்டைப் (complete) போட்டு, 0 நிரப்பச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மதிப்பு இல்லை என்று காட்டும் என்ஏ (NA) வந்து உட்காரும்.