சுடுவதா, விடுவதா? வெள்ளைவால் மான் வேட்டை கேள்வி பதில்

டெக்சஸில் பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். அக்டோபர் வந்தாலே எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: காட்டில் வைத்த கேமராவில் பெரிய பக் (ஆண் மான்) ஒன்று தெரிகிறது, இந்த வருடமே சுடலாமா, இன்னொரு வருடம் விட்டுப் பார்க்கலாமா. ஆளுக்கு ஆள் நிலைமை வேறு என்பதால் பொதுவாகச் சொல்லாமல் தனித்தனியாகவே பதில் எழுதுகிறேன். வேட்டையே தப்பு என்று நினைப்பவர்களோடு வாதம் செய்ய இங்கே வரவில்லை.

கேள்வி: அண்ணா, ஆஸ்டினுக்கு மேற்கே முதல் முறையாக ஒரு லீஸ் (வேட்டைக்கு வாடகை நிலம்) எடுத்திருக்கிறேன். கேமராவில் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு பக் அடிக்கடி வருகிறது. கூட இருப்பவர்கள் எல்லாம் சுடு சுடு என்கிறார்கள். நான் எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தப் படத்தில் கொம்பைக் கையால் மறைத்துவிட்டு உடம்பை மட்டும் பாருங்கள். ஒன்றரை வயது ஆண் மானுக்குக் கொம்பு இல்லையென்றால் பெண் மான் என்றே நினைப்பீர்கள், கால் நீளம், கழுத்து மெலிவு. இரண்டரையிலும் கால்தான் முதலில் கண்ணில் படும், ரட் (இனச்சேர்க்கைப் பருவம்) சமயத்தில் கழுத்து கொஞ்சம் தடித்திருக்கும். மூன்றரையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மார்பு இறங்கி, கழுத்து தடித்து, பார்க்க அம்சமாக நிற்கும், ஆனால் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும், இடுப்பும் ஒட்டித்தான் இருக்கும். நாலரை ஆனால் கழுத்து தோளோடு கலந்துவிடும், வயிறும் மார்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஐந்தரைக்கு மேல் தொப்பை தொங்கும், முதுகு லேசாகக் குழியும், உடம்பு கனத்துப் போனதால் கால் குட்டையாகத் தெரியும், பின்னங்காலின் உட்புறம் இருக்கிற சுரப்பி கறுத்துப் போயிருக்கும்.

இதையெல்லாம் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், மானின் கொம்பு மாட்டுக் கொம்பு இல்லை, குளிர்காலத்தில் விழுந்து ஒவ்வொரு வருடமும் புதிதாக முளைக்கிற எலும்பு. ஐந்தரை முதல் ஏழரை வயது வரைதான் அது உச்சத்துக்கு வரும். மூன்றரையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் பத்துக் கிளை பக் மூன்றரை வயது என்றால் சுடக்கூடாதது அதுதான், அதே இடத்தில் எட்டுக் கிளையோடு ஆறரை வயதுக் கிழம் வந்தால் தாராளமாகச் சுடலாம். இன்னொன்று, ரட்டில் ஓடி ஓடி பக்குகள் உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூட இழந்துவிடும். அதனால் சீசன் முடிகிற நேரத்தில் கிழடுகூட இளசாகத் தெரியும். வயதுக் கணிப்புக்கு அக்டோபர், நவம்பர் ஆரம்பப் படங்களைத்தான் நம்புங்கள்.

கேள்வி: எங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) கொம்பின் உள் அகலத்துக்கு 13 அங்குல விதி இருக்கிறது. பிளைண்டில் (மறைந்திருக்கும் கூண்டு) உட்கார்ந்துகொண்டு 13 அங்குலத்தை எப்படி சார் அளப்பது?

பதில்: காதை வைத்து. பக் உஷாராகி இரண்டு காதையும் விரித்து நிற்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை சுமார் 13 அங்குலம். கொம்பின் உள் அகலம் காது நுனிகளைத் தாண்டினால் சட்டப்படி சுடலாம். ஒரு பக்கக் கொம்பாவது கிளையே இல்லாமல் ஒற்றையாக இருந்தாலும் சுடலாம். இந்த விதியை 2002ல் ஆறு கவுண்டிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள், நோக்கம் இளசுகளைக் காப்பாற்றுவது. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதும் சுடத் தகுந்தது என்பதும் ஒன்றல்ல, 15 அங்குல அகலத்தோடு திரிகிற இரண்டரை வயதுப் பையன்களும் உண்டு. தலையைத் திருப்பி நேராகப் பார்க்கும் வரை காத்திருங்கள், பக்கவாட்டில் பார்த்து அகலத்தைச் சொல்லவே முடியாது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கொம்பின் ஸ்கோர் எவ்வளவு இருந்தால் டிராபி (பெருமையாக மாட்டிவைக்கத் தகுந்த கொம்பு)?

பதில்: கொம்பு அளவுகளைப் பதிவு செய்கிற பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பில் (1887ல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கியது) சீரான கொம்புக்கு 170 இருந்தால் நிரந்தரப் பட்டியலில் சேர்ப்பார்கள். வில் வேட்டைக்காரர்களின் போப் அண்ட் யங்கில் 125 போதும். முதன்மைத் தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், நான்கு இடங்களில் சுற்றளவு, உள் அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டி, இடது வலது வித்தியாசத்தைக் கழிப்பார்கள். கொம்பு 60 நாள் காய்ந்த பிறகுதான் அளவு செல்லும். என்னைக் கேட்டால், ஸ்டாண்டில் உட்கார்ந்து மனக்கணக்கு போட்டு 128 வருதா 132 வருதா என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு மான் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை.

கேள்வி: பென்சில்வேனியாவில் எங்களுக்கு 20 ஏக்கர்தான். நான் விட்டால் அடுத்த வேலிக்காரர் சுட்டுவிடுவார். நான் மட்டும் எதற்கு நல்லவனாக இருக்க வேண்டும்?

பதில்: இதுதான் இருப்பதிலேயே நேர்மையான கேள்வி, எல்லோர் மனசிலும் இருப்பதும் இதுதான். வளர்ந்த ஒரு பக் சுற்றுகிற பரப்பு ஒரு சதுர மைல், சில சமயம் அதற்கும் மேல். ஒரு சதுர மைல் என்றால் 640 ஏக்கர். உங்கள் 20 ஏக்கரில் அது தங்கி இருப்பதில்லை, வழியில் கடந்து போகிறது. ஆகவே விடுவதா என்று யோசிக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மான் அடுத்த நவம்பர் வரை உயிரோடு இருக்க உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் விடுங்கள். இல்லாத இடத்தில் விடுவது தியாகமும் இல்லை, மான் மேலாண்மையும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற பரிசு.

ஆனால் வாய்ப்பை உங்களால் கூட்ட முடியும். முதலில் போய் அந்த வேலிக்காரரோடு பேசுங்கள். சுற்றியுள்ள நாலைந்து நிலக்காரர்கள் சேர்ந்து மூன்றரைக்குக் கீழே சுடுவதில்லை என்று வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டாலே கணக்கு மாறிவிடும். உங்கள் மாநிலமே இதற்கு உதாரணம்தானே. 2002க்கு முன் அங்கே சுடப்பட்ட பக்குகளில் பெரும்பாலானவை ஒன்றரை வயது. ஒரு பக்கத்தில் குறைந்தது மூன்று கிளை, மேற்குப் பகுதியில் நான்கு என்று விதி வந்ததும் இளசுகள் தப்ப ஆரம்பித்தன, அதன் பிறகுதான் முதிர்ந்த பக்குகள் சாதாரணமாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆரம்பத்தில் எத்தனை பேர் திட்டினார்கள் என்பதை அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேசிப் பார்த்தும் அக்கம்பக்கத்தில் யாரும் ஒத்துவரவில்லை என்றால், சட்டத்துக்கு உட்பட்ட பக், உங்களுக்கும் பிடித்திருக்கிறது, கறியும் தேவை, சுடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கேள்வி: எங்கள் லீஸில் வளர்ந்த பக் ஒன்றுக்கு எட்டுக் கிளைக்கு மேல் வரவே இல்லை. "கெட்ட ஜீன், அழித்துவிட வேண்டும்" என்கிறார் லீஸ் தலைவர். கிளையே இல்லாத கொம்போடு வருகிற ஸ்பைக்குகளையும் அப்படித்தான் சொல்கிறார். சரியா?

பதில்: வயதாகிவிட்டது என்றால் சுடுங்கள், ஜீனுக்காக வேண்டாம். தென் டெக்சஸின் கமான்சி ராஞ்சில் சீசர் கிளெபெர்க் வனவிலங்கு ஆய்வு நிலையத்தார் பல வருடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். கொம்பு சரியில்லாத பக்குகளைத் தீவிரமாகக் கழித்த பிறகும் அங்கே கொம்பின் தரம் கூடவில்லை. யோசித்தால் காரணம் புரியும்: குட்டியின் ஜீனில் பாதி தாயிடமிருந்து வருகிறது, பெண் மான் எந்தக் கொம்பின் ஜீனைச் சுமக்கிறது என்று யாரால் பார்க்க முடியும்? ஒரே பக் மந்தை முழுவதற்கும் அப்பன் ஆவதும் இல்லை, பல பக்குகள் ஆளுக்குக் கொஞ்சம் குட்டி போடவைக்கின்றன. ஸ்பைக் விஷயத்தில் தாமதமாகப் பிறந்ததும் மழை பொய்த்து மேய்ச்சல் குறைந்ததும் பெரிய காரணங்கள். ஒன்றரையில் ஸ்பைக்காக இருந்தது நாலரையில் நல்ல எட்டுக் கிளையாக நிற்பது ஒன்றும் அதிசயம் இல்லை. கொம்பு பெரிதாக வேண்டுமா, பெண் மான் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் இருப்பவற்றுக்குத் தீனி கிடைக்கச் செய்யுங்கள். தலைவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: விஸ்கான்சினில் மேடிசனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே மான்களுக்கு நோய் பரவியிருக்கிறதே, இங்கும் இளசை விடத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் பகுதியில் நான் சொன்ன கணக்கு தலைகீழாகும். சி.டபிள்யு.டி. என்கிற அந்த உருக்கு நோய் விஸ்கான்சினில் 2002ல் கண்டுபிடிக்கப்பட்டது, உங்கள் தெற்குப் பகுதியில்தான் அதிகம். பிரையான் என்கிற புரதத்தால் வருவது, வந்த மான் பிழைப்பதில்லை. வளர்ந்த பக்குகளிடம் பெண் மான்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது, வயது கூடக் கூட விகிதமும் கூடுகிறது. கிழ பக் வேண்டும் என்று எல்லோரும் விட்டுக்கொண்டே போனால் நோயைச் சுமந்து திரிகிற மான்கள்தான் பெருகும். மிசௌரியில் நோய் வந்த கவுண்டிகளில் கொம்புக் கிளை விதியையே எடுத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனவே அங்கே வருகிற பக்கைச் சுடுங்கள், தலையைச் சோதனைக்குக் கொடுங்கள், மாநில இயற்கை வளத் துறை இலவசமாகவே பார்த்துத் தருகிறது. முடிவு வரும் வரை கறியைத் தனியாகக் குறியிட்டு ஃபிரீசரில் வையுங்கள். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, இருந்தாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சி.டி.சி.யின் (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) அறிவுரை. மோகத்தில் அதை மட்டும் மீறாதீர்கள்.

கேள்வி: டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் புள்ளிமானையும் சுடுகிறார்களாமே? நம் கிண்டி புள்ளிமானா? அதற்கும் வயது பார்த்து விட வேண்டுமா?

பதில்: அதே இனம்தான், இங்கே ஆக்சிஸ் என்பார்கள். 1932 வாக்கில் கொண்டுவந்து விட்டது, இப்போது காட்டிலேயே பெருகிக் கிடக்கிறது. நம் கோடியக்கரை வெளிமானும் இங்கே ராஞ்சுகளில் இருக்கிறது. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தொட முடியாத இரண்டையும் இங்கே தனியார் நிலத்தில் வருடம் முழுக்கச் சுடலாம், லைசன்ஸ் மட்டும் வேண்டும். புள்ளிமான் புல்லும் தின்னும், தழையும் தின்னும், அதனால் தழையை நம்பியிருக்கிற வெள்ளைவாலுக்குப் போட்டி. நிலத்துக்காரர் தடுக்காத வரை எதையும் விட வேண்டிய அவசியம் இல்லை. டிராபிதான் வேண்டும் என்றால் தண்டு 30 அங்குலம் வருவதற்குக் காத்திருங்கள், ஆனால் கொம்பின் மேலே வெல்வெட் (வளர்கிற கொம்பைப் போர்த்தியிருக்கிற தோல்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இவற்றுக்கு எந்த மாதத்திலும் கொம்பு விழலாம் முளைக்கலாம். கறியில் வெள்ளைவாலைவிட இதுதான் ருசி, இதில் என்னோடு யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது, இதுதான் முதல் சீசன். சின்ன ஆறு கிளை பக் வந்தால் விடச் சொல்லட்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம். கவுண்டி விதிப்படி சுடக்கூடியதா என்று மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், சுடுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. பெரியவர்களின் கொம்பு ஆசையை முதல் மானில் திணித்தால் அடுத்த வருடம் கூட வரமாட்டாள்.

கேள்வி: கிழ பக் கறி வேகுமா?

பதில்: ரட்டில் அலைந்த ஆறு வயது பக் கொஞ்சம் முரடுதான். குளிரில் சில நாள் தொங்கவிட்டு, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக வைத்தால் வேகும். கறிக்காகவே போகிறீர்கள் என்றால் பெண் மானைச் சுடுங்கள், நிலத்துக்கும் நல்லது.

கேள்வி: உயர வேலி போட்ட ராஞ்சில் பணம் கட்டி 180 ஸ்கோர் பக் சுடலாம் என்கிறார்கள். போகலாமா?

பதில்: உங்கள் பணம். பூன் அண்ட் கிராக்கெட் பட்டியலில் அது சேராது, தப்பிக்க வழியில்லாத மானை அவர்கள் ஏற்பதில்லை. விடுவதா சுடுவதா என்ற கேள்வியும் அங்கே எழாது, விலைப்பட்டியல் முடிவு செய்துவிடும்.

கேள்வி: நான் எச்-1பியில் இருக்கிறேன், துப்பாக்கி கையில் எடுக்கலாமா?

பதில்: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி, ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசன்ஸ் காலாவதியானால் விலக்கும் போயிற்று, அதனால் புதுப்பிக்கிற தேதியை மறக்காதீர்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். விசா விஷயம் என்பதால் துப்பாக்கி வாங்கும் முன் ஒரு வக்கீலிடமும் கேட்டுவிடுங்கள்.