உழாமல் விதைக்கும் முறை நம் விவசாயிகளுக்குத் தெரியாதா? ஏன் யாரும் செய்வதில்லை?

வடக்கே கோதுமைக்கு உழாமல் விதைக்கும் வீடியோ எதையோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தத் 'தெரியாதா' எனக்குச் சுருக்கென்றது.

நாங்கள் மன்னார்குடிப் பக்கம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராத்திரிப் பனியும்தான். அப்பா வயலில் இறங்கிக் காலால்தான் பதம் பார்ப்பார். குதிகால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. மெழுகுப் பதம் என்போம். ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. ஏக்கருக்குப் பத்து கிலோ விதை, பெரும்பாலும் ஆடுதுறை 3 ரகம். பூக்கும்போது 4 கிலோ டிஏபி உரத்தை ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிப்போம். (ரசாயனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன்.)

அப்புறம் ஏன் குறைந்தது? கை அறுப்பு போய்விட்டது. ஆள் இறங்கி அறுத்தால் இரண்டு இலை விட்ட உளுந்துச் செடி மிதிபட்டாலும் நிமிர்ந்துவிடும். டயர் வைத்த அறுவடை மிஷின் ஓடிய தடத்தில் ஒன்றும் மிஞ்சாது. அது கொட்டிப் போகும் வைக்கோலுக்கு அடியிலும் செடி வெளுத்துச் சாகும். டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பெல்ட் வண்டி பரவாயில்லை, ஆனால் ஊரே ஒரே வாரத்தில் அறுக்கும்போது எது கிடைக்கிறதோ அதுதான். ஹரியானாவில் 1990களின் கடைசியில் கோதுமையை உழாமல் விதைப்பது பரவியதற்கு டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவி கைக்கு எட்டியது முக்கியக் காரணம். அங்கே இயந்திரம் கைகொடுத்தது, இங்கே இயந்திரமே செடியை நசுக்குகிறது.

தண்ணீரும் ஒரு காரணம். மேட்டூர் அணையை ஜூன் 12க்குத் திறக்காமல் தள்ளிப்போனால் சம்பா அறுப்பு மாசிக்குப் போய்விடும். பனி விட்டு வெயில் ஏறினால் பூப்பதற்குள் மண் வெடிக்கும். எல்லா ஊருக்கும் இதே கதை என்று சொல்லவில்லை, களிமண் டெல்டாவில் இதுதான் நிலைமை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்க்கும் நிலத்தில் பாதி குத்தகை, வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. ஒரு வருஷம் தையில் பெய்த மழையில் உளுந்து முழுக்க அழுகிப்போனது. நிவாரணம் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போனது. விதையும் எங்களுடையது, பாடும் எங்களுடையது. இப்படி இருக்கும்போது குத்தகைக்காரன் எந்தப் புது முறையை நம்பிக் காசு இறக்குவான்?

உங்களுக்கு நிலம் இருந்தால் மிஷின்காரரிடம் பொங்கலுக்கு முன்பே பேசிப் பெல்ட் வண்டி பிடித்து வையுங்கள். அறுத்த மறுநாளே வைக்கோலை அள்ளிவிடுங்கள். ஊரில் ஆடு மாடு அவிழ்த்துவிடும் வழக்கம் இருந்தால், பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து தெளித்தால்தான் காவலுக்குக் கட்டுப்படியாகும்.