கால் சோர்வா, மூட்டுத் தேய்மானமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கொஞ்சம் நடந்தாலே கால் சோர்ந்துவிடுகிறது. மூட்டுத் தேய்மானம் என்று மாத்திரை சாப்பிடுகிறார். புகைபிடிக்கும் மாமாவுக்குக் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். பெண்களுக்கும் அது வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வரும். அடையாளம்தான் சற்று மாறும். நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து இழுப்பது, நின்றால் 10 நிமிடத்துக்குள் விடுவது பாடப்புத்தக வலி. பெண்கள் பலருக்கு அப்படி வருவதில்லை. சோர்வு, கனம், பலவீனம் என்றே சொல்வார்கள். வலிக்கும் தூரம்வரை நடப்பதையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. பிறகு எப்படித் தெரியும்? பழி மூட்டின்மேல் விழுகிறது.

மூட்டு வலி எழுந்திருக்கும்போதும் படி இறங்கும்போதும் கூடும். முதுகுத்தண்டு குறுகி நரம்பை நெருக்கும் வலிக்கு உட்கார்ந்தால்தான் ஆறுதல். ரத்தக்குழாய் அடைப்பு வலிக்குச் சும்மா நின்றாலே போதும்.

கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். 10 நிமிடம் படுக்கவைத்து, டாப்ளர் கருவியால் (ஒலியலை மூலம் ரத்த ஓட்டத்தை அறிவது) இரு கைகளிலும் கணுக்கால்களிலும் அளப்பார்கள். கணுக்காலில் 104, கையில் 140 என்றால் 0.74. 0.90 அல்லது அதற்குக் குறைந்தால் அடைப்பு. ஆனால் நீண்டநாள் சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, விகிதம் 1.40-ஐத் தாண்டிப் பொய் சொல்லும். அப்போது கால் பெருவிரல் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

உறுதியானால் ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை, நடைப்பயிற்சி: வலிக்கும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பது, வாரம் 3 நாள், 12 வாரம். பெண்களின் குழாய்கள் குறுகலானவை; தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் (அடைப்பை விரித்துவைக்கும் வலைக்குழாய்) வைக்கும்போது அங்கே ரத்தக்கசிவு அவர்களுக்கு அதிகம். கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து மரத்தால், உடனே அவசரப் பிரிவு.